தோற்பதற்காக நின்றவர்

எங்கள் கட்சிக் கிளையில் மொத்தம் ஏழு பேர். அந்த ஏழு பேருக்குள் இரண்டு அணிகள். நாளைக்கே புரட்சி வந்துவிடும் என்பவர்கள் ஒரு அணி. பேரப்பிள்ளைகள் காலத்திலும் வராது என்பவர்கள் இன்னொரு அணி. முதல் அணிக்கு ஹம்மாதி தலைவர். பாஸ்பேட் கழுவும் ஆலையில் மெக்கானிக். இரண்டாவது அணிக்கு லஸ்ஹர். மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். நான் தலீலா, ஊர் மருத்துவமனையில் செவிலி. கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை என்பதால் எந்த அணியிலும் சேராமல் தப்பித்துவந்தேன்.

துனீசியாவின் தெற்கே, ஐன் தப்பூஸ் என்ற எங்கள் ஊரில், உழைப்பாளர் விடியல் கட்சிக்கு முடிதிருத்தும் கடைக்கு மேலே ஒரு அறை உண்டு. இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு டிசம்பர் கடைசியில் அந்த அறையில்தான் லஸ்ஹர் தன் புகழ்பெற்ற கட்டுரையைப் படித்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இந்நாட்டு மக்கள் அசைய மாட்டார்கள் என்று புள்ளிவிவரத்தோடு நிறுவியிருந்தார். பதினான்காம் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது தெருவில் ஒரே கூச்சல். போலீஸ் நிலையத்தின் மேல் கல் விழும் சத்தம். "ஜன்னலைச் சாத்துங்க தலீலா, ஒண்ணும் கேக்கல," என்றார் லஸ்ஹர். சாத்தினேன். அவர் இருபத்திரண்டாம் பக்கத்தை முடித்து நாங்கள் கீழே இறங்கியபோது போலீஸ் நிலையத்தில் போலீஸ் இல்லை.

அதற்கு முன் புரட்சி வரப்போகிறது என்று பதினெட்டு முறை தேதி குறித்திருந்த ஹம்மாதி அந்த வாரம் ஊரிலேயே இல்லை. ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கப் போயிருந்தார். வீங்கிய கன்னத்தோடு அவர் திரும்பியபோது எல்லாம் முடிந்து மக்கள் தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பல்லைப் பற்றி இன்றைக்கும் அவர் முன்னால் யாரும் பேசுவதில்லை.

ஜனவரியில் அதிபர் நாட்டைவிட்டே ஓடினார். அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகள் லஸ்ஹரின் கைதான் ஓங்கியிருந்தது. வேலை வரவில்லை, சாலை வரவில்லை, குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர். அவர் சொன்னதெல்லாம் நடந்தது. அதாவது எதுவும் நடக்கவில்லை. காப்பிக் கடையில் காலை மடித்துப் போட்டு உட்கார்ந்து, "நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று கேட்கும்போது அவர் முகத்தில் தெரியும் நிம்மதி இருக்கிறதே, அதைக் கல்யாண மாப்பிள்ளைகளிடம்தான் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் நகராட்சித் தேர்தல் வந்தது.

பதினெட்டு இடங்கள். ஆண், பெண், ஆண், பெண் என்று மாற்றி மாற்றிப் பட்டியல் போட வேண்டும் என்பது சட்டம். ஏழு பேரை வைத்துக்கொண்டு பதினெட்டு பேரை எங்கே தேடுவது? மனைவி, மைத்துனி, மைத்துனியின் வீட்டுக்காரர் என்று ஹம்மாதி அள்ளிக்கொண்டு வந்தார். நான்காவது இடத்துக்கு ஒரு பெண் தேவைப்பட்டபோது, தபால் நிலையத்துக்கு எதிரே மண் அடுப்பில் ரொட்டி சுட்டு விற்கும் மப்ரூக்காவிடம் போனார்.

"கையெழுத்து மட்டும் போடுங்கக்கா. ஜெயிக்கப் போறதில்ல. பயப்படாதீங்க."

"ஜெயிக்காததுக்கு எதுக்குய்யா கையெழுத்து?"

"வரலாற்றுக்காக."

"வரலாறு கிடக்கட்டும். என் அடுப்பு மூடி உடைஞ்சு கிடக்கு, பத்தவைச்சுக் குடுப்பியா?"

குடுப்பேன் என்றார். மப்ரூக்கா கையெழுத்துப் போட்டார்.

பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்பதில் சண்டை வந்தது. ஹம்மாதிக்கு ஆசை. ஆனால் அவர் முதலில் நின்றால் மேடைக்கு மேடை புரட்சிக்குத் தேதி கொடுப்பார் என்று எல்லோருக்கும் பயம். கடைசியில் லஸ்ஹரே ஒரு யோசனை சொன்னார்.

"நான் நிக்கிறேன். எப்படியும் தோக்கத்தான் போறோம். தோல்விக்கு அப்புறம் மேலிடத்துக்கு அறிக்கை எழுதணும்ல? அதை நம்ம கிளையில யாரு எழுதுவா? நான்தான். நின்னவனே எழுதினா பொருத்தமா இருக்கும்."

இதை இரண்டு அணிகளும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டன. அந்த வாரமே அவர் 'தோல்வியின் படிப்பினைகள்' என்று அறிக்கையை எழுதி முடித்து என்னிடம் பிழை திருத்தக் கொடுத்தார். வாக்கு எண்ணிக்கை வரும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்து விட்டிருந்தார்.

பிரசாரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மதக் கட்சியான பக்திமான்களின் பட்டியல் மருத்துவமனைக்கு மூன்று மாடி கட்டுவோம் என்றது. பழைய ஆட்சிக்காரர்களின் பட்டியல் வீடு வீடாக மக்ரோனி பொட்டலம் கொடுத்தது. லஸ்ஹர் வியாழக்கிழமைச் சந்தையில் ஒரு காலிப் பெட்டி மேல் ஏறி நின்றார்.

"வாத்தியாரே, நீங்க வந்தா ரோடு போடுவீங்களா?" என்று ஆட்டு வியாபாரி ஒருவர் கத்தினார்.

"மாட்டேன்."

"ஏன்?"

"ரோடு போடுற அதிகாரம் நகராட்சிக்குப் பேருக்குத்தான் இருக்கு. ஆளுநர் கையெழுத்துப் போடணும். அவரு போடமாட்டாரு."

"அப்போ வேலை?"

"நகராட்சியில இருக்கிறவங்களுக்கே வேலை இல்ல. அங்க போயி பாருங்க, எல்லாரும் காப்பிதான் குடிக்கிறாங்க."

"அப்புறம் எதுக்குத்தான்யா உங்களுக்கு ஓட்டுப் போடுறது?"

லஸ்ஹர் கொஞ்சம் யோசித்தார். "போடணும்னு நான் சொல்லலையே," என்றார்.

சந்தை சிரித்தது. பெட்டியிலிருந்து இறங்கியபோது நான்கு பேர் வந்து கை குலுக்கினார்கள். அடுத்த வியாழக்கிழமை அவர் பேச்சைக் கேட்கவே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். உள்ளூர் வானொலி அதை இரண்டு முறை ஒலிபரப்பியது. ஹம்மாதி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓட்டுக் கேக்கிற லட்சணமா இது? ஜனங்க மனசை உடைக்கிறீங்க தோழரே!"

"உண்மையைச் சொல்றேன்."

"உண்மையை ஜெயிச்ச பிறகு சொல்லலாம்ல?"

முடிவு திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. ஊரில் பாதிப் பேர் ஓட்டே போடவில்லை. போட்டவர்கள் பக்திமான்களுக்கு ஏழு இடம், பழையவர்களுக்கு ஆறு இடம், எங்களுக்கு ஐந்து இடம் கொடுத்திருந்தார்கள். லஸ்ஹர், நான், ஹம்மாதி, மப்ரூக்கா, பிறகு ஹம்மாதியின் மைத்துனியின் வீட்டுக்காரர். அந்த மனிதர் ஓட்டுக்கூடப் போடாமல் தூங்கியவர். நகராட்சித் தலைவரை, அதாவது மேயரை, உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்திமான்கள் வந்துவிடக் கூடாது என்று பழையவர்களும், பழையவர்கள் வந்துவிடக் கூடாது என்று பக்திமான்களும் ஒரே ஆளுக்குக் கை தூக்கினார்கள். எதுவும் செய்ய மாட்டேன் என்று ஊரறியச் சொன்ன மனிதரைவிடப் பத்திரமானவர் யார் இருக்க முடியும்?

நகராட்சி வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பேசச் சொன்னார்கள். லஸ்ஹரின் கோட்டுப் பையில் இருந்தது ஒரே ஒரு காகிதக் கட்டு. அதைப் பிரித்துப் படித்தார். "தோழர்களே, நம் தோல்விக்கான புறநிலைக் காரணங்கள் நான்கு…" மக்கள் முதல் காரணத்துக்கே கை தட்டினார்கள். மூன்றாவது காரணத்தில் ஒரு பெண் குலவையிட்டாள். என் பக்கத்தில் நின்ற ஹம்மாதி அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது ஆபத்து தலீலா. அதிகார அமைப்புக்குள்ள போனா நம்ம புரட்சிகரத் தன்மை போயிடும்," என்றார்.

முதல் வாரம் லஸ்ஹர் நாற்காலியில் பின்னால் சாயவே இல்லை. யாரோ வந்து எழுந்திருக்கச் சொல்வார்கள் என்று காத்திருப்பவர் போல நுனியில் உட்கார்ந்திருந்தார். மனு கொண்டுவருகிறவர்களிடம், அது ஏன் முடியாது என்று பொறுமையாக விளக்குவார். வருகிறவர்களும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, நல்ல மனுஷர் என்று சொல்லிப் போவார்கள்.

எட்டாம் நாள் நானும் ஹம்மாதியும் அங்கே இருந்தபோது மப்ரூக்கா வந்தார். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"வாத்தியாரய்யா, பின்னாடி முற்றத்துல ஒரு குப்பை வண்டி நிக்குதே, அது எதுக்கு நிக்குது?"

"ரெண்டு வருஷமா ரிப்பேர்."

"எங்க தெரு முனையில குப்பை என் உயரத்துக்கு நிக்குது. நாய் இழுத்துட்டு வந்து ரொட்டிகிட்ட போடுது. ரிப்பேர் பண்ணலாம்ல?"

லஸ்ஹர் விரலை மடக்கத் தொடங்கினார். பழுதுபார்க்க வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு வேண்டும். தலைப்புக்கு ஆளுநர் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலுக்கு நிபுணர் அறிக்கை வேண்டும். நிபுணர் தலைநகரில் இருக்கிறார். அவரைக் கூட்டிவர வண்டி வேண்டும். "அந்த வண்டியும் ரிப்பேர்," என்று ஐந்தாவது விரலை மடக்கினார். அவருக்கே அது அழகாக வந்ததாகத் தோன்றியிருக்க வேண்டும். லேசாகச் சிரித்தார்.

மப்ரூக்கா சிரிக்கவில்லை. ஹம்மாதியின் பக்கம் திரும்பினார். "நீ மெக்கானிக்தானே? உனக்குச் சரி பண்ணத் தெரியாதா?"

"தெரியும்கா. ஆனா ஒரு குப்பை வண்டியைச் சரி பண்றதுனால அமைப்பு மாறிடாது. முழு அமைப்பையும் மாத்தும்போது குப்பைப் பிரச்சினை தானாவே…"

"எப்போ மாத்துவே?"

"சூழ்நிலை கனிஞ்சுக்கிட்டிருக்கு."

"குப்பையும் கனிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. வந்து மோந்து பாரு. ஒருத்தர் முடியாதுங்கிறீங்க, ஒருத்தர் நாளைக்குங்கிறீங்க. எனக்குப் பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. என் அடுப்பு மூடியைக்கூட நீ இன்னும் பத்தவைக்கல!"

குறிப்பேட்டில் இதை அப்படியே எழுதினேன். இருபது ஆண்டுகளில் எங்கள் கூட்டங்களில் பேசப்பட்டதிலேயே சுருக்கமான உரை அதுதான்.

அந்தப் பேச்சு தைத்துவிட்டது போலிருக்கிறது. அன்று மாலையே ஹம்மாதி நீல மேலங்கியோடு முற்றத்துக்கு வந்தார். குப்பையை அள்ளி உள்ளே தள்ளும் இரும்புக் கைதான் பிரச்சினை, எண்ணெய் ஒழுகியது. கழற்றிப் பார்த்தால் ஒரு ரப்பர் வளையம் பிய்ந்திருந்தது, அவ்வளவுதான். "இதே வளையம் எங்க ஆலைக் கழிவுக் குவியல்ல டஜன் கணக்குல கிடக்குதே!" என்று கூவினார். மறுநாள் ஸ்டோர்காரரிடம் கேட்டு ஒன்றை எடுத்துவந்தார். அதைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். "தேசியமயமாக்கல் ஆரம்பிச்சாச்சு," என்று எங்களிடம் காட்டினார்.

மூன்று நாள் வேலை நடந்தது. ஹம்மாதி வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். லஸ்ஹர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார்.

"பதினேழு."

"இந்தாங்க. ஓடினாலும் ரெண்டு நாள்தான் ஓடும்."

"பத்தொம்பது குடுங்க. ஓடும்னு சொல்றேன்ல."

"டீசல் எங்க இருந்து வரும்?"

"வரும். விளக்கை இப்படிப் பிடிங்க தோழரே, சித்தாந்தம் கண்ணுல அடிக்குது."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி மப்ரூக்காவின் தெருவுக்குள் நுழைந்தது. இரும்புக் கை முனகிக்கொண்டே எழுந்து, அந்த மலையிலிருந்து ஒரு கவளத்தை அள்ளி உள்ளே தள்ளியது. தெருவே வாசலில் நின்று பார்த்தது. வானொலிக்காரர் ஒலிவாங்கியை லஸ்ஹரின் வாயருகே நீட்டி, இது இன்றைக்கு மட்டுமா என்று கேட்டார்.

"அடுத்த செவ்வாயும் வண்டி வரும்," என்றார் லஸ்ஹர்.

அந்த ஒரு வாக்கியம்தான் அவரை மாட்டிவிட்டது.

பத்து நாளில் மேலிடத்திலிருந்து தோழர் நூமான் வந்து இறங்கினார். கழுத்தில் சிவப்புத் துணி, கையில் ஒலிப்பதிவு. முடிதிருத்தும் கடை மேலறையில் கூட்டம். ஒலிப்பதிவை மூன்று முறை போட்டுக் காட்டினார். 'அடுத்த செவ்வாயும் வண்டி வரும். அடுத்த செவ்வாயும் வண்டி வரும்.'

"இதுக்கு அர்த்தம் என்ன தோழர்களே? இந்த அமைப்புக்குள்ளேயே குப்பை அள்ள முடியும்னு மக்களை நம்பவைக்கிறாரு. இது சீர்திருத்தவாத நம்பிக்கை. மத்தியக் குழு தோழர் லஸ்ஹர் மேல நம்பிக்கைக் குற்றம் சாட்டுது."

லஸ்ஹரின் முகம் சிவந்தது. முப்பது ஆண்டுகளில் அவரை யாரும் அப்படி அவமானப்படுத்தியதில்லை.

"என்னை என்ன வேணா சொல்லுங்க. திரிபுவாதின்னு சொல்லுங்க, முதலாளித்துவக் கைக்கூலின்னு சொல்லுங்க. நம்பிக்கைன்னு மட்டும் எழுதாதீங்க. நான் எதையும் நம்பல!"

"அப்போ அடுத்த செவ்வாய்னு எப்படிச் சொன்னீங்க?"

"அது நம்பிக்கை இல்லய்யா. கால அட்டவணை!"

நூமான் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு அவரைக் கட்சியிலிருந்து நீக்குவதா என்று வாக்கெடுப்பு. ஆறு பேர் கை தூக்கி முடித்தபோது நீக்கலாம் என்று மூன்று, கூடாது என்று மூன்று. நான் கூடாது என்று தூக்கினேன். ஹம்மாதி நீக்கலாம் என்று தூக்கினார், என் பார்வையைத் தவிர்த்தபடி, "கட்சிக் கட்டுப்பாடு தலீலா. புரட்சிக்கு அப்புறம் திரும்பச் சேத்துக்கலாம்," என்று முணுமுணுத்தார்.

மிச்சம் ஒரே வாக்கு, லஸ்ஹருடையது. எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

அவர் எழுந்து நின்றார். "இந்தக் கட்சி ஒருநாள் தன்னோட ஒரே மேயரை வெளியே அனுப்பும்னு ரெண்டாயிரத்து ஒம்பதுலயே சொன்னேன். ஞாபகம் இருக்கா? குறிப்பேட்டுல பாருங்க."

பார்த்தேன். பக்கம் நாற்பத்தொன்றில் இருந்தது. 'மேயர் என்று ஒருவர் கிடைத்தால்' என்றுகூட எழுதியிருந்தது.

"இருக்கு," என்றேன்.

"அப்போ நான் சொன்னது சரி," என்று தன்னை நீக்கச் சொல்லித் தானே கை தூக்கினார். நான்குக்கு மூன்று. தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு படியிறங்கியபோது அவர் முகத்தில் அந்தக் கல்யாண மாப்பிள்ளை நிம்மதியைப் பார்த்தேன். ஆனால் தெருமுனை வரைக்கும்தான் அது தாங்கியது. ஜன்னலிலிருந்து பார்த்தேன், முனையில் நின்று, எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர் மாதிரி வெகுநேரம் நின்றார். முப்பது ஆண்டுகளாக அந்தப் படியை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் இருந்ததில்லை.

கட்சி நீக்கினாலும் நகராட்சி நீக்கவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஹம்மாதியும் வழக்கம்போல கிரீஸ் டப்பாவோடு முற்றத்துக்கு வந்தார். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் வண்டிக்கு அடியிலிருந்து "பதினேழு" என்று குரல் வந்தது. லஸ்ஹர் கோட்டைக் கழற்றினார்.

அந்த ஆண்டு கடைசியில் கட்சிப் பத்திரிகை முதல் பக்கத்தில் எங்கள் வண்டியின் படத்தைப் போட்டது. 'கட்சித் தலைமையில் குப்பையை வென்ற ஐன் தப்பூஸ் மக்கள்' என்று தலைப்பு. கட்டுரை நூமான் எழுதியது. லஸ்ஹரின் பெயர் எங்கும் இல்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் தெரிந்த அவர் முழங்கையை மட்டும் வெட்ட முடியவில்லை போலிருக்கிறது. பத்திரிகையை மப்ரூக்காவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, அதில் இரண்டு ரொட்டியைச் சுற்றி என்னிடமே கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம் லஸ்ஹர் மருத்துவமனைக்கு வந்தார். தலை சுற்றுகிறது, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்றார். கையில் பட்டையைச் சுற்றினேன். அறையில் வேறு யாருமில்லை.

"லஸ்ஹர் அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்குக் கொஞ்சம்கூட நம்பிக்கை இல்லையா?"

வழக்கமான பதில் வரும் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"எண்பத்தி நாலுல ரொட்டி விலையை ஏத்தினாங்கல்ல? எனக்கு இருபத்திமூணு வயசு. ஒரே வாரத்துல எல்லாம் மாறிடும்னு நம்பினேன். ஊர்வலத்துக்கு எங்க அண்ணன் வரமாட்டேன்னான். அவனுக்கு இதுல எல்லாம் ஈடுபாடு கிடையாது, காலையில வேலைக்குப் போகணும்னான். நான்தான் பேசிப் பேசி இழுத்துட்டுப் போனேன். நல்லாப் பேசுவேன் அப்போ. விலையைக் குறைச்சுட்டாங்க. நாங்க ஜெயிச்சோம்னு வானொலியில சொன்னப்போ நாங்க அடக்கம் பண்றதுக்கு அவனைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தோம்."

காற்றுப் பையை அழுத்த மறந்து நின்றேன்.

"அதுக்கப்புறம் யாரையும் எதுக்கும் வான்னு கூப்பிட எனக்கு வாய் வரல தலீலா. நடக்காதுன்னு சொல்லிட்டா யாரும் வரமாட்டாங்க பாருங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"குப்பை வண்டிக்கு?"

"அதுல யாரும் சாகமாட்டாங்கன்னு தோணிச்சு," என்றார். பிறகு இருமினார், அல்லது சிரித்தார். "ஹம்மாதி ஓட்டாத வரைக்கும்."

அழுத்தத்தைப் பார்த்தேன். நூற்று இருபதுக்கு எண்பது. அவர் வயதுக்கு நம்ப முடியாத அளவு சரியாக இருந்தது. அட்டையில் எழுதிக் கொடுத்தேன். லஸ்ஹர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதை இரண்டு முறை படித்தார்.

"மெஷின் பழசு," என்று சொல்லி மற்றக் கையை நீட்டினார்.